கை எலும்பு முறிந்தால் ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரலிலோ உள்ளங்கையிலோ எலும்பு உடைந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே பயம்தான், கத்தி வைப்பார்களோ என்று. கையில் வரும் முறிவுகளில் பெரும்பாலானவை கட்டு, ஸ்ப்ளிண்ட் (அசையாமல் பிடிக்க வெளியே கட்டும் தாங்கி), டேப், அப்புறம் சரியான நேரத்தில் தொடங்கும் பயிற்சி இவற்றாலேயே கூடிவிடுகின்றன. கையில் எலும்பு கூடாமல் போவது அரிது, விரல் விறைத்துப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதனால் கீழே இருக்கும் பதில்களில் எலும்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு மூட்டு விறைப்பைப் பற்றியும் பேசியிருக்கிறேன்.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. முன்கை எலும்பு முறிவுகள் தனிக் கதை, இங்கே சேர்க்கவில்லை.

முறிவு என்கிறார்கள், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். சரியாகத்தான் பார்த்தார்களா?

பெரும்பாலும் சரியாகத்தான் பார்த்திருப்பார்கள். டாக்டர் முக்கியமாகக் கவனிப்பது நான்கு விஷயம். உடைந்த துண்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன, விரல் தன் அச்சில் திருகிப் போயிருக்கிறதா, முறிவு மூட்டுக்குள் ஓடியிருக்கிறதா, மேலே தோல் கிழிந்திருக்கிறதா. இந்த நான்கிலும் பெரிய பிரச்சினை இல்லை, துண்டுகள் இருக்கும் இடத்திலேயே நிற்கும் என்று தெரிந்தால், திறந்து கம்பியோ தகடோ வைப்பதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. திறக்கும்போது எலும்பின் மேல் வழுக்கி ஓடும் தசைநாண்களைச் சுற்றித் தழும்பு உண்டாகும், அது தானே ஒரு விறைப்புக்குக் காரணமாகிவிடும்.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே வளைந்து தெரிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

எந்த விரல் என்பதைப் பொறுத்தது. சுவரையோ எதையோ குத்தி, சுண்டுவிரலுக்கு நேரே உள்ளங்கை எலும்பின் கழுத்தில் வரும் முறிவு இருக்கிறதே, பாக்ஸர் முறிவு என்பார்கள், அதில் 40 டிகிரி வரை வளைந்திருந்தாலும் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், சிலர் அதற்கு மேலும் விடுவார்கள். மோதிரவிரலில் சுமார் 30. நடுவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் 10, 15 டிகிரியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? உங்கள் கையை இறுக்கி மூடிக்கொண்டு முட்டிகளைப் பாருங்கள். சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்புகள் அடிப்பகுதியில் கொஞ்சம் அசையும், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் அசையவே அசையாது. அசையும் பக்கம் வளைவை ஈடுகட்டிக்கொள்ளும், அசையாத பக்கத்தால் முடியாது.

ஆனால் திருகல் என்றால் இந்தச் சலுகை எந்த விரலுக்கும் கிடையாது. எலும்பில் 5 டிகிரி திருகினாலே விரலை மடக்கும்போது நுனி ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குப் பக்கத்து விரல் மேல் ஏறிவிடும். எக்ஸ்ரேயில் திருகல் சரியாகத் தெரியாது. விரல்களை மெதுவாகப் பாதி மடக்கிப் பாருங்கள், எல்லா விரல் நுனிகளும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்க அடிப்பகுதியை நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் மட்டும் இன்னொன்றின் மேலே ஏறினாலோ அடியில் நுழைந்தாலோ, நகங்கள் ஒரே வரிசையில் இல்லாமல் ஒன்று சாய்ந்து தெரிந்தாலோ, கட்டுப் போட்டாகிவிட்டது என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். நன்றாக இருக்கும் கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், சிலருக்குப் பிறவியிலேயே விரல் லேசாகச் சாய்ந்திருக்கும்.

அடிபட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மோதிரத்தைக் கழற்றுங்கள். அடிபட்ட விரலில் இல்லாவிட்டாலும் அந்தக் கையில் உள்ள எல்லாவற்றையும், உடனே. வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும், அதற்குள் விரலுக்கு ரத்தம் போவதே தடைபடலாம். கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் போல வைத்து எடுங்கள், தோலில் நேராக வேண்டாம். வளைந்த விரலை நீங்களே இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். நீவி விடுவதும் வேண்டாம், நிற்கிற துண்டை அது நகர்த்திவிடும்.

விரல் முட்டியின் மேல் சின்னக் காயம், அதுவும் இன்னொருவர் பல்லில் பட்டு வந்தது என்றால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வாயில் உள்ள கிருமி மூட்டுக்குள் போய் ஓரிரு நாளில் சீழ் வைத்துவிடும். கூச்சப்பட்டு எப்படி அடிபட்டது என்பதை மறைத்தால் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை தாமதமாகும்.

பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அது மட்டும் போதுமா?

நிலையான முறிவுக்குப் போதும். பட்டி டேப்பிங் என்று இதற்குப் பெயர். நல்ல விரல் அடிபட்ட விரலுக்கு ஸ்ப்ளிண்ட் போல நிற்கும், கூடவே இரண்டும் சேர்ந்து மடங்கி நீளும். விரல் அசைந்துகொண்டே எலும்பு கூடுவதால்தான் எனக்கு இந்த முறை இவ்வளவு பிடித்திருக்கிறது. வளைவு பெரிதாக இல்லாத பாக்ஸர் முறிவுக்கே பல இடங்களில் இப்போது மாவுக்கட்டுக்குப் பதில் இதைத்தான் செய்கிறார்கள்.

ஒட்டும் விதம் முக்கியம். இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்லிய பஞ்சோ துணியோ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். டேப் மூட்டின் மேல் வரக்கூடாது, மூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் இரண்டு இடத்தில் ஒட்டினால் விரல் மடங்கும். இறுக்கமாகச் சுற்றாதீர்கள். நனைந்தால் மாற்றுங்கள், மாற்றும்போது விரலிடுக்கை நன்றாக உலர்த்துங்கள். சுண்டுவிரலுக்கு மோதிரவிரல் துணை. நடுவிரலுக்கு எந்தப் பக்கத்தை டாக்டர் சொன்னாரோ அந்தப் பக்கம். வழக்கமாக 3 முதல் 4 வாரம்.

கட்டுப் போடும்போது முட்டியை இப்படி மடக்கி வைத்துப் போட்டிருக்கிறார்களே, தவறா?

தவறில்லை, அதுதான் சரியான முறை. மணிக்கட்டு கொஞ்சம் பின்னோக்கி, விரல் கையோடு சேரும் பெரிய முட்டி 70 முதல் 90 டிகிரி மடங்கி, அதற்கு மேல் உள்ள இரண்டு மூட்டுகளும் நேராக, இப்படி இருந்தால் அது பாதுகாப்பான நிலை. பார்க்க விநோதமாக இருக்கும், முதல் இரண்டு நாள் சங்கடமாகவும் இருக்கும்.

காரணம் மூட்டின் இரண்டு பக்கமும் உள்ள தசைநார்கள். பெரிய முட்டி மடங்கும்போது அவை முழு நீளத்துக்கு இழுபட்டு நிற்கும், நீட்டும்போது தளரும். தளர்ந்த நிலையில் சில வாரம் கட்டிப் போட்டால் அவை அந்தக் குறுகிய நீளத்திலேயே சுருங்கிக்கொள்ளும், பிறகு விரல் மடங்க மறுக்கும். நடு மூட்டிலும் நுனி மூட்டிலும் கதை தலைகீழ், அவற்றை மடக்கி வைத்துக் கட்டினால் நீட்ட வராது. உங்கள் கட்டில் பெரிய முட்டி நேராகவும் விரல்கள் சுருண்டும் இருந்தால், ஏன் அப்படி என்று தயங்காமல் கேளுங்கள், சில முறிவுகளில் அதற்கும் காரணம் இருக்கலாம், ஆனால் கேட்பது உங்கள் உரிமை. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை முதல் நாளிலிருந்தே அசையுங்கள். முழங்கை, தோள்பட்டையையும் மறந்துவிடாதீர்கள், கையைக் கழுத்தில் மாட்டிய தொட்டில் துணியில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் அசைக்காமல் இருந்தால் தோளும் இறுகிவிடும்.

கத்தி வைக்காமல் எலும்பை நேராக்குவது எப்படி? ரொம்ப வலிக்குமா?

மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத்தான் செய்வார்கள், முறிந்த இடத்திலேயோ அந்த விரலுக்குப் போகும் நரம்பிலேயோ. இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி அதிகம் தெரியாது. நேராக்கியதும் கட்டு, அதன்பின் ஒரு எக்ஸ்ரே.

இந்த முதல் எக்ஸ்ரேயோடு முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. வீக்கம் வற்றும்போது கட்டு தளரும், தளர்ந்த கட்டுக்குள் துண்டுகள் நழுவலாம், அதனால் 7 முதல் 10 நாளுக்குள் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டது என்று பலர் இதற்குப் போவதில்லை. தயவுசெய்து போங்கள். அந்த வாரத்தில் நழுவல் தெரிந்தால் திருத்துவது எளிது, ஆறு வாரம் கழித்துத் தெரிந்தால் கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி வெட்டித்தான் திருத்த வேண்டும்.

எத்தனை நாள் கட்டு இருக்கும்?

விரல் எலும்பு, உள்ளங்கை எலும்பு என்றால் பெரும்பாலும் 3 முதல் 4 வாரம். "இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டுமே, பாதுகாப்புதானே" என்று நீங்களாகவே நீட்டிக்காதீர்கள். நாலு வாரத்தைத் தாண்டி விரலை அசைக்காமல் வைத்தால் மூட்டு மீள்வது கடினமாகிக்கொண்டே போகும். எக்ஸ்ரேயில் கோடு இன்னும் தெரிகிறதே என்று பயம் வரும். எலும்பு உறுதியான பிறகும் அந்தக் கோடு பல வாரம் தெரியும், முறிந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்பதை வைத்துத்தான் டாக்டர் முக்கியமாக முடிவு செய்வார்.

விரல் நுனி தொங்கிவிட்டது, என்னால் நிமிர்த்த முடியவில்லை.

நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கும், அல்லது ஒரு சின்ன எலும்புத் துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். மேலட் ஃபிங்கர் என்பார்கள். பந்து நுனியில் பட்டு வருவது உண்டு, படுக்கை விரிப்பை மடித்துச் செருகும்போதுகூட வரும். நுனி மூட்டை மட்டும் நேராகப் பிடிக்கும் சின்ன ஸ்ப்ளிண்ட்தான் சிகிச்சை, நடு மூட்டு தாராளமாக மடங்கலாம்.

கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் 6 முதல் 8 வாரம், இரவு பகல், ஒரு நொடிகூட நுனி மடங்கக் கூடாது. ஒருமுறை மடங்கினால் அன்றிலிருந்து மறுபடி முதல் நாள். குளிக்கும்போது கழற்றினேன், சும்மா ஒருமுறை மடங்குகிறதா என்று பார்த்தேன், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கின்றன. தோலைக் கழுவ வேண்டுமென்றால் கையை மேசையில் வைத்து, விரல் மேசையோடு தட்டையாக ஒட்டியிருக்கும்படி ஸ்ப்ளிண்டை உருவி, துடைத்து, உலர்ந்ததும் அதே நிலையில் மாட்டுங்கள். இன்னொருவர் நுனியைத் தாங்கிப் பிடித்தால் இன்னும் நல்லது. அதன்பின் சில வாரம் இரவில் மட்டும். பெரிய துண்டாகப் பிய்ந்து மூட்டே முன்னால் நழுவியிருந்தால் மட்டும் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். ஒழுங்காகப் போட்டாலும் கடைசியில் சில டிகிரி தொங்கல் மிச்சமிருக்கலாம், வேலைக்கு அது இடைஞ்சல் செய்வதில்லை.

கதவில் நசுங்கி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, நுனி எலும்பு நொறுங்கியிருக்கிறதாம்.

நொறுங்கியது என்ற வார்த்தைதான் பயமுறுத்தும். நுனி எலும்பைச் சுற்றியுள்ள சதையும் நகமும் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும், நுனியைக் காக்கும் ஸ்ப்ளிண்ட் 2, 3 வாரம் போதும். துடிக்கும் வலிக்குக் காரணம் நகத்தடி ரத்தம் என்றால், டாக்டர் நகத்தில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார், உடனே நிம்மதி கிடைக்கும். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்காதீர்கள். பட்டால் சுரீர் என்பது சில மாதம் நீடிக்கும், குளிரில் அதிகமாகும். பழகப் பழகக் குறையும்.

பந்து பிடிக்கும்போது நடு மூட்டு பின்னால் வளைந்து வீங்கிவிட்டது. சின்னத் துண்டு உடைந்திருக்கிறது என்றார்கள்.

உள்ளங்கைப் பக்கத் தசைநார் ஒரு துணுக்கைப் பிய்த்திருக்கும். துண்டு சின்னது, மூட்டு தன் இடத்தில் இருக்கிறது என்றால் பட்டி டேப்பிங் போட்டுச் சீக்கிரமே மடக்க ஆரம்பிப்பதுதான் வழி. சில சமயம், பின்னால் வளையாமல் தடுத்து, மடங்க மட்டும் விடும் ஸ்ப்ளிண்ட் தருவார்கள். இந்த மூட்டுதான் கையிலேயே மிக எளிதில் விறைப்பது. வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும், மூட்டு பழையதை விடக் கொஞ்சம் தடித்தே நின்றுவிடலாம். எக்ஸ்ரே எடுக்காமல் சுளுக்கு என்று விட்டுவிட வேண்டாம், மூட்டு விலகிய முறிவும் வெளியே இதே மாதிரிதான் தெரியும்.

கீழே விழும்போது கையை ஊன்றினேன். எக்ஸ்ரே நார்மல். ஆனால் கட்டைவிரல் அடியில் வலி போகவே இல்லை.

இதை லேசாக விடாதீர்கள். கட்டைவிரலை விரித்தால் அடியில் மணிக்கட்டில் ஒரு குழி விழும், அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். புதிய முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அதனால் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் முதல் சில நாளிலேயே தெரிந்துவிடும்.

மற்ற எலும்புகளைப் பற்றிச் சொன்ன ஆறுதல் இதற்குப் பொருந்தாது. ஸ்கேஃபாய்டுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் குறையும், கூடாமல் போகும், அந்தத் துண்டே செத்தும் போகலாம். கவனிக்காமல் விட்டவர்களுக்குப் பல வருடம் கழித்து மணிக்கட்டு தேய்ந்து வலி வருகிறது.

கட்டு மட்டும் போதுமா என்றால், துண்டுகள் விலகாதபோதோ சற்றே விலகியிருக்கும்போதோ போதும். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத, எலும்பின் நடுப்பகுதி முறிவு உள்ள 439 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஸ்விஃப்ட் ஆய்வு 2020-ல் வெளியானது. உடனே ஸ்க்ரூ போட்டவர்களுக்கும் முதலில் கட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து மணிக்கட்டின் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கட்டுப் போட்டவர்களில் எலும்பு கூடவில்லை என்று தெரிந்தவர்களுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதும் அந்த முறையின் ஒரு பகுதி. கட்டு 8 முதல் 12 வாரம் வரை போகும், முடிவில் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கூடியதா என்று பார்ப்பது நல்லது. முன்கைப் பக்க முனையில் முறிந்தாலும், துண்டுகள் நன்றாக விலகியிருந்தாலும் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வார்கள்.

கட்டைவிரல் முறிவு?

அடிப்பகுதியில் முறிந்து மூட்டுக்குள் போகாவிட்டால், 30 டிகிரி வளைவு வரை கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டு நாலு வாரம் போல. மூட்டுக்குள் போயிருந்தால் அது பெரும்பாலும் பென்னெட் முறிவு, 1882-ல் டப்ளினைச் சேர்ந்த எட்வர்ட் பென்னெட் விவரித்தது. ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டே இருப்பதால் கட்டுக்குள் நிற்காமல் நழுவும், பெரும்பாலும் கம்பி தேவைப்படுகிறது.

குழந்தைக்கு என்றால்?

சீக்கிரம் கூடும், பல சமயம் 3 வாரத்திலேயே. எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில், விரல் மடங்கும் திசையில் உள்ள வளைவை எலும்பு வளரும்போது தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். திருகலைச் சரிசெய்யாது. குழந்தையின் விரல் நுனி நசுங்கி, நகத்தின் அடிப்பாகம் தோலுக்கு மேலே வந்து நின்றால் உள்ளே வளர்ச்சித் தட்டு முறிந்து திறந்திருக்கலாம், அதை வெறும் நகக்காயம் என்று விடாமல் அன்றே காட்டுங்கள்.

மாத்திரை, கால்சியம், சிகரெட்?

பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். கால்சியம், வைட்டமின் டி குறைவு உள்ளவர்களுக்கு உதவும், மற்றவர்களுக்கு எலும்பை வேகமாகக் கூட்டும் மாத்திரை என்று எதுவும் இல்லை. சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது, ஸ்கேஃபாய்டு என்றால் இன்னும் கவலை. நிறுத்தவே முடியாது என்பவர்கள் கட்டு இருக்கும் வரையாவது விட முடியுமா என்று பாருங்கள்.

கட்டுப் போட்ட பின் எப்போது ஓட வேண்டும்?

கையைத் தூக்கி வைத்தும் மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால். விரல் நுனி நீலமானால், வெளுத்தால், மரத்துப்போனால். கட்டுக்குள்ளிருந்து நாற்றமோ கசிவோ வந்தால், காய்ச்சல் வந்தால். இவற்றுக்குக் காலை வரை காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே போங்கள். அரிப்புக்குக் குச்சி விட்டுச் சொறியாதீர்கள், உள்ளே கீறினால் தெரியாமலே புண்ணாகும்.

கட்டைப் பிரித்தாகிவிட்டது, விரல் மடங்கவே இல்லை!

எல்லோருக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அடிபட்ட மூட்டுக்குக் கீழே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அந்த மூட்டை மட்டும் மடக்கி நீட்டுங்கள், பிறகு கொக்கி மாதிரி, பிறகு முழுக் கைமூடி, பிறகு முழுக்க விரித்து. ஒரே தடவை அரை மணி நேரம் செய்வதை விட, மணிக்கு ஒருமுறை பத்துப் பத்தாகச் செய்வது பலன் தரும். இழுபடும் உணர்வு இருக்கலாம், ஆனால் மறுநாள் வீக்கம் கூடினால் நீங்கள் அதிகம் செய்துவிட்டீர்கள். யாரையாவது பிடித்து வளைக்கச் சொல்லாதீர்கள். மூன்று நாலு வாரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் கைப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், பணமும் நேரமும் வீணாகாது.

எப்போது வேலைக்கு, வண்டி ஓட்ட, விளையாட?

கீபோர்டு, எழுத்து வேலை டேப்போடு சில நாளிலேயே முடியும். கட்டுக் கையோடு வண்டி ஓட்டாதீர்கள், அவசரத்தில் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ முடியாது. பளு தூக்குவதும் இடித்து மோதும் விளையாட்டும் 6 முதல் 8 வாரம் கழித்து, முதலில் டேப் போட்டுக்கொண்டு. ஸ்கேஃபாய்டு என்றால் கூடியது உறுதியாகும் வரை வேண்டாம்.

முட்டி உள்ளே போய் மறைந்துவிட்டது. திரும்ப வருமா?

பாக்ஸர் முறிவை வளைவோடே கூட விட்டால் அந்த முட்டி பழையபடி எழும்பி நிற்காது. கைமூடினால் மூன்று முட்டிகள் தெரியும், நாலாவது தணிந்திருக்கும். பிடிமானம் சில மாதத்தில் திரும்பிவிடும், விரலும் முழுக்க மடங்கும். சிலருக்கு உள்ளங்கையில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது அது உறுத்தும். அப்படி உறுத்தினால் மட்டும் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.